திரும்பி வராத துண்டுகள்

என் அன்புத் தம்பி அருளுக்கு,

நீ போன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உன் அக்காவிடம் சொன்னதும், "கிறுக்காம எழுதுங்க. உங்கட எழுத்த அவன் மட்டுந்தான் வாசிப்பான். இத மத்த ஆக்களும் வாசிக்கப் போறாங்க" என்றாள். ஆகவே மெதுவாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்.

நம்முடைய மேசை இன்னும் இருக்கிறது. வெளிநோயாளர் பகுதிக்கும் நோயாளிகள் தங்கும் வாட்டுக்கும் நடுவில், நீ போட்டுவைத்த அதே இடத்தில். ஒரு கால் ஆடியது. மருந்துப் பெட்டி அட்டையை மடித்து வைத்திருக்கிறேன்.

ஆரையம்பதியில் என் பாட்டுக்கு டிஸ்பென்சரி நடத்திக்கொண்டிருந்தவனை, பொறுப்பு டொக்டராக இருந்த நீதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்தாய். கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருந்த காலம். சண்டையில் காயப்பட்டவர்கள் எந்த நேரத்தில் வந்து இறங்குவார்கள் என்று சொல்ல முடியாது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து காலையில் வருகிற நோயாளிகள் நாலு மணிக் கடைசித் தோணியை விட்டால் வீடு போக வழியில்லை. அன்றே பார்த்து, அன்றே மருந்து கொடுத்து, அன்றே அனுப்பக்கூடியவர்களைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்றாய். வாட்டு டொக்டர்மார் இருக்கிறார்களே என்று நான் நழுவப் பார்த்தேன்.

"அவங்களுக்கு நோய் வருத்தத்தத் தெரியும், அத்தான். உங்களுக்கு வீட்டத் தெரியும்."

"எனக்குப் பயமா இரிக்கு, தம்பி."

"பயப்படுற ஆள்தான் வேணும். துணிஞ்ச ஆக்கள் வாட்டில நிறையப் பேர் இரிக்காங்க."

துண்டு உன் யோசனை. வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவர் கையிலும் நோயும் மருந்தும் எழுதிய ஒரு துண்டு. சுகமாக இருந்தால் மறுநாள் முதல் தோணியில் அதைத் தோணிக்காரர் சீனித்தம்பியரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். வராவிட்டால் நாம் விசாரிக்க வேண்டும். துண்டில் நான் எழுதுவேன், கீழே நீ கையெழுத்து வைப்பாய். வெறும் தாளாகத் திரிவது ஒழுங்கில்லை, ஆஸ்பத்திரிச் சீல் குத்த வேண்டும் என்று ஒரு கிழமையாக உன்னைக் கரைச்சல் படுத்தியது மட்டும் நான். எனக்கு எதுவும் முறைப்படி இருக்க வேண்டும். நீ சிரித்துக்கொண்டே சம்மதித்தாய்.

அதற்குப் பிறகுதான் துண்டுகள் வராமல் போகத் தொடங்கின. அனுப்பியவர்களின் பெயர் எழுதிவைக்கும் கொப்பியில், துண்டு வராதவர்களின் பெயரைச் சுற்றி நீ வட்டம் போடுவாய். உன் கடைசி மாதங்களில் அந்தக் கொப்பியைப் பார்க்காமல் நீ வீட்டுக்குப் போனதில்லை. "பதினொரு வட்டம், அத்தான். இவங்களுக்கெல்லாம் என்ன நடந்த? நாம பிழையா அனுப்பிட்டமா?" என்று கேட்டாய். ஊரடங்கும் சுற்றிவளைப்பும் நடக்கிற கரையில் ஆளனுப்பித் தேடவும் முடியவில்லை. மேசையை மூடிவிடலாமா என்றும் கேட்டாய். மாரி மழை தொடங்கிய கிழமையில் உன் நெஞ்சே நின்றுபோனது. அந்தக் கேள்வியை நீ உன்கூடக் கொண்டுபோனாயா, என்னிடம் விட்டுப்போனாயா?

போன மாதம் ஒரு காலையில் கனகம்மா என்ற பெண் வந்தாள். வயது முப்பதுக்குள். கடுமையான இழுப்பு, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. ஆவி பிடிக்க வைத்தோம், மருந்து கொடுத்தோம். மத்தியானத்துக்குள் முகம் தெளிந்தது. மூன்று மணிக்குக் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டேன். அடியில் இன்னும் மெல்லிய விசில் இருந்தது.

படித்தபடி செய்வதென்றால் ஓர் இரவு வைத்திருக்க வேண்டும். சொன்னேன்.

"பால் குடிக்கிற புள்ள வீட்டில கிடக்கு, ஐயா. வாட்டில போட்டீங்களெண்டா நான் சொல்லாமத்தான் போவன்."

சொல்லாமல் போனால் மருந்தில்லாமல் போவாள். அனுப்பிவைத்து, பொழுதுபட்ட பிறகு மூச்சு இறுகினால் விடியும்வரை தோணியில்லை. யாரிடம் ஓடுவது? இப்படியான நேரத்தில் நான் உன் அறைக்குத்தான் ஓடுவேன்.

அடுப்பு எங்கே இருக்கிறது, யார் சமைப்பார்கள், பக்கத்தில் யார் என்று கேட்டேன். தங்கச்சி கூட இருக்கிறாள் என்றாள். பிறகு அவளை விறாந்தை நீளத்துக்கு நடக்கவிட்டு, நடந்துகொண்டே தன் வீட்டுக்கு வழி சொல்லச் சொன்னேன். "தோணியால இறங்கி, கோயில் வளவத் தாண்டி, வயல் வட்டைக்குள்ளால போனா வாய்க்கால் வரும், வாய்க்கால் கட்டால கொஞ்ச தூரம், மறுகா ரெண்டு தென்னை..." மூச்சு வாங்க நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "என்ன ஐயா, எங்கட வீட்டுக்குச் சோறு தின்ன வாறீங்களா?"

அனுப்பினேன். முதல் குளிசையை என் முன்னால் விழுங்கவைத்து, புகை படும், அடுப்படிப் பக்கம் போகாதே என்று இரண்டுதரம் சொல்லி அனுப்பினேன். நீ போன பிறகு நான் எழுதிய முதல் துண்டு அது; நீ கையெழுத்து வைக்கும் இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுச் சீலைக் குத்தினேன்.

மறுநாள் துண்டு வரவில்லை. அதற்கடுத்த நாள் அந்தக் கரையில் ஆமியின் தேடுதல், தோணியே ஓடவில்லை. மூன்றாம் நாள் தோணி வந்தது, துண்டு வரவில்லை. "பாத்துப் பாத்து உங்கட கழுத்து கொக்குக் கழுத்தாப் போகப் போகுது, டொக்டர் ஐயா" என்றார் கூட வேலை செய்யும் நர்ஸ், மிஸ்ஸி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொப்பியில் பன்னிரண்டாவது வட்டத்தைப் போட்டேன். என் கையால் வட்டம் போட்டது அதுதான் முதல் தடவை. மேசையை மூடி, துண்டும் சீலும் வைக்கிற லாச்சிச் சாவியை மறுநாள் மிஸ்ஸியிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

நாலாம் நாள் சாவி கையில் இருந்தபோது கனகம்மா வந்து முன்னால் நின்றாள். இடுப்பில் பிள்ளை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பொலித்தீன் உறைக்குள்ளிருந்து துண்டை எடுத்தாள்.

"ஐயா, வேர்வையில இந்தச் சீல் அழியப் பாக்குது. இன்னொருக்காக் குத்தித் தாறீங்களா?"

"உனக்குச் சுகமா, கனகம்மா?"

"சுகமில்லாமலா புள்ளையையும் தூக்கிக்கிட்டு நடந்து வந்த நான்?"

"துண்டத் தோணிக்காரரிட்டக் குடுக்கச் சொன்னனே!"

"குடுக்கிறதா?" அவள் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஆமி சென்றியில இதக் காட்டினாத்தானே ஐயா மறிக்காம விடுறாங்க! முந்தநாள் பக்கத்து வீட்டுக்காரிக்கும் இரவல் குடுத்த நான்."

தம்பி, நான் மேசைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவளுக்குச் சீலைக் குத்திக் கொடுத்துவிட்டுத் துறைக்குப் போய்ச் சீனித்தம்பியரைப் பிடித்தேன்.

"சீல் குத்தின தாள இந்தக் காலத்தில யாரு ஐயா திருப்பித் தருவாங்க? நானெண்டாலும் தரமாட்டன்" என்றார்.

"ஏன் எங்களிட்டச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லையே."

கொப்பியிலிருந்த உன் பதினொரு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஆறு பேரை அவர் தன் தோணியில் கண்டிருக்கிறார். அவர்களில் ஒருவர் அந்தத் துண்டைக் காட்டித்தான் சென்றி கடந்து பொம்பிளை பார்க்கப் போனாராம், கலியாணமும் முடிந்துவிட்டதாம்! ஏழாவது ஆள் உயிரோடு இல்லை. அது நோயால் அல்ல என்றார், அதற்குமேல் நான் கேட்கவில்லை. மற்ற நாலு பேரை அவருக்குத் தெரியாது.

எல்லோரும் சுகம் என்று உனக்கு எழுத எனக்கு ஆசைதான். எழுத மாட்டேன். ஆனால் நீ பிழையாக அனுப்பியதாக நினைத்து வருந்திய ஆறு பேர் வாவிக்கு அந்தப் பக்கம் நடந்து திரிகிறார்கள். துண்டுகளைத் திரும்பி வராமல் தடுத்தது என் சீல். இது எனக்கு முன்பே விளங்கியிருந்தால் நீ கொஞ்சம் நித்திரை கொண்டிருப்பாய், இல்லையா?

இப்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு துண்டு. சீல் குத்தியது அவர்களுக்கு, குத்தாதது நமக்கு. இந்தக் கிழமை அனுப்பியவை எல்லாம் மறுநாளே திரும்பிவிட்டன. ஒன்றில் மீன் மணம்.

ஆறு வட்டங்களை அழித்துவிட்டேன். என்னுடைய ஒன்றையும் அழித்தேன். மீதி நாலு பேரைப் பற்றியும் தோணியில் வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்பேன். விடை கிடைக்கும்வரை கேட்பதை நிறுத்தமாட்டேன். லாச்சிச் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நாளைக்கு முதல் தோணி வருமுன் மேசைக்குப் போய்விடுவேன்.

இன்னும் பயந்துகொண்டே அந்தக் கதிரையில் இருக்கும்,
உன் அத்தான்.