டாக்டரிடம் நாம் மறைத்த மாத்திரை

என் ஆசை அக்கா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ போய் ஏழு மாதமாகியும் அது குறையவில்லை. பாதி உன்மேல், பாதி என்மேல்.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் என்று முதலில் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பி.பி. ஏகத்துக்கு இருக்கிறது, ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்ரீ சிட்டி கம்பெனியில் உனக்குக் கிடைத்ததோ பத்து நாள் லீவு. "இன்னொரு தபா லீவு கேட்டா ஊட்டுலயே இருந்துக்கோன்னுடுவான்டி" என்றாய். மூன்று நாள் மாத்திரை போட்டு, பி.பி. சற்று இறங்கியதும் திருப்பதியில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சின்ன வயதுப் பெண். பி.பி., சுகர் உண்டா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று தெலுங்கில் கேட்டார். "ஏமீ லேது மேடம்" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நீ என் கையை அழுத்தினாய். நானும் ஒன்றுமில்லை என்றேன். ஆறு வருஷமாக உனக்கு பி.பி. இருப்பதும், தலை வலிக்காத நாளில் மாத்திரையை விட்டுவிடுவதும் எனக்குத் தெரியாதா?

வார்டில் சேர்ந்த பிறகு, நர்ஸ் பார்த்துவிடுவாள் என்று இரண்டு நாள் மாத்திரையைத் தொடவே இல்லை. அளக்கும்போது பி.பி. கூடியிருந்ததையும் ஆஸ்பத்திரி பயம் என்று சொல்லிச் சமாளித்தாய். நான் சொல்லிப் பார்த்தேன். "கம்முனு இருடி. ஆபரேஷன் முடியட்டும், போட்டுக்கிறேன்."

மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் விட்ட நேரத்தில் பி.பி. எகிறிவிட்டதாம். மருந்து கொடுத்து இறக்கினார்களாம், மறுபடி ஏறியதாம். மூளையில் ரத்தம் கசிந்தது. நீ கண்ணே திறக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

"நல்லா நடந்துகினு வந்தவள ஊசி போட்டே சாவடிச்சிட்டியே!" என்று உன்னைக் கட்டிய மாமா அந்த டாக்டர் பெண்மேல் பாய்ந்தார். "பி.பி. இல்லேன்னுதானே சொன்னாங்க" என்றார் அவர். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அழுதேன். அழுகிறவளிடம் யார் கேள்வி கேட்பார்கள்?

மாமா புகார் கொடுத்தார். டாக்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். போன மாதம் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் எதையும் கேட்கவே இல்லை என்று மாமா சொல்லிக்கொடுத்ததைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

வெளியே வந்ததும் டாக்டரிடமே கேட்டேன். "மொதல்லயே சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளா மேடம்?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. வயசு, வருஷக்கணக்கா அடங்காத பி.பி., திடீர்னு மாத்திரைய நிறுத்தினது, பயம், எல்லாமே ஏத்தும். தெரிஞ்சிருந்தா ஆபரேஷன தள்ளி வெச்சிருப்போம். இல்லன்னா அன்னிக்குக் காலையிலகூட ஒரு மடக்கு தண்ணில அந்த மாத்திரைய குடுத்திருப்போம்."

ஒரு மடக்குத் தண்ணீர், அக்கா. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எந்த வேலைக்காக இத்தனையும் மறைத்தாயோ, அதில் மறு வாரமே வேறொருத்தியை வைத்துவிட்டார்கள். அதையாவது நீ தெரிந்துகொள்.

மாமா இப்போது என் வீட்டுப் பக்கமே வருவதில்லை. உன் மகள் மட்டும் ஒருநாள் வந்தாள். "அம்மா பொய் சொன்னாங்களா சித்தி?"

"சொன்னா. நானும் கூட நின்னு சொன்னேன்."

காபியைத் தொடாமல் எழுந்து போனாள். அவள் மறுபடி வருவாளா?

எப்போது வந்து கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். உன் பெயரைக் காப்பாற்றக்கூட இனி ஒரு பொய் என் வாயிலிருந்து வராது. சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
கௌரி