தட்டருகே ஒரு மாத்திரை

கோபன்ஹேகன், பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் மாரியுன் தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? படகில் பார்த்து ஏறுங்கள்.

ஒரு சிரிப்பான சங்கதி. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முதல் நாள் சாப்பிடும்முன், நம் வீட்டில் போலவே தலைகுனிந்து ஜெபித்தேன். கூட வேலை செய்யும் பிர்த்தே அக்கா, "என்னடி, தலைவலியா?" என்றாள். மேசையே என்னைப் பார்த்தது. "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் என் தட்டருகே ஒரு மாத்திரை வைக்கிறாள். நான் குனிந்ததும், "வாய மூடுங்கடி, புள்ளைக்குத் தலைவலி" என்று மற்றவர்களை அதட்டுகிறாள். நம் சபையில்கூட அவ்வளவு அமைதி கிடையாது, அப்பா.

நேற்று அவள் சாப்பிடவில்லை. மகளுக்கு அடுத்த மாதம் இருதய ஆபரேஷனாம். "எனக்கு சர்ச் பழக்கமெல்லாம் இல்ல. உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது ஜெபம் பண்ணுவாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க அப்பா பண்ணுவார்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் தலைவலியோட எனக்காகவும் கவலைப்படுறியே" என்று அழுதாள்.

மகளின் பெயர் லேர்கே. மறக்காமல் ஜெபியுங்கள். கம்பளிக் காலுறை ஒரு ஜோடியும், காயவைத்த ஆட்டிறைச்சி கொஞ்சமும் அனுப்புங்கள்; பிர்த்தே அக்காவுக்கும் கொடுக்கவேண்டும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. போகிறேன், அப்பா. இந்நேரம் மாத்திரையை எடுத்து வைத்திருப்பாள்.

மாரியுன்