வீடு யாருடைய பெயரில்?

மச்சான்,

உன் மடிக்கணினியை இன்று உன் மகள் கொண்டுவந்து, “இது இனி உங்கட்டயே இரிக்கட்டும் மாமா” என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திறந்ததும் விசைகளுக்கு இடையிலிருந்து வறுத்த கச்சான் கடலைத் தோலின் வாசம். நீ மௌத்தாகி இரண்டு மாதம். கச்சான் தோலுக்கு உன்னைவிட ஆயுள் கெட்டி.

நாற்பது தாண்டியபின் நாமிருவரும் கல்முனையில் சனி ஞாயிறு கணினி வகுப்புக்குப் போனதை ஊரே சொல்லிச் சிரித்தது. மற்றவர்கள் பதவி உயர்வுக்காக வந்தார்கள். நான் வீட்டில் தேங்காய் துருவுவதிலிருந்து தப்ப வந்தேன். ஆசையோடு வந்தவன் நீ மட்டும்தான். அறிவுசார் முறைமை என்றொரு பாடம். விசயம் தெரிந்தவர்களைக் கேட்டுக் கேட்டு, அவர்கள் தலைக்குள் இருப்பதை ‘இப்படியானால் இப்படி’ என்ற விதிகளாக்கிக் கணினியில் ஏற்ற வேண்டும். பிறகு அது நம்மிடம் கேள்வி கேட்டு, விதிகளோடு பொருத்தி முடிவு சொல்லும். செய்முறைக்கு நீ எடுத்தது வாரிசுப் பங்கு: மௌத்தானவரின் சொத்தில் மார்க்கப்படி யாருக்கு எவ்வளவு?

“விதியெல்லாம் தயாரா இரிக்கி மச்சான், நாம கணினியில அடிச்சாக் காணும்” என்றாய். அடிப்பதற்கு முன் ஒரு மௌலவியைக் கேள்வி கேட்டே இளைக்க வைத்தாய். உன்னைக் கண்டால் அவர் தொழுகைப் பள்ளியின் மற்ற வாசலால் போகத் தொடங்கியதாகக் கேள்வி.

வகுப்பில் ஓட்டிக்காட்டியபோது வெளியூரிலிருந்து வந்த விரிவுரையாளர் கேட்டார்: “வயலைக் கேட்குது, தோணியைக் கேட்குது, கடையைக் கேட்குது. வீட்டை ஏன் கேட்கவேயில்லை?”

“சேர், இஞ்ச ஆம்புளைக்கு ஏது வீடு? வீடு பொண்டுகள்ட. நாங்க மாப்பிள்ளையா வந்து குந்தி இரிக்கிற ஆக்கள்” என்றாய். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “அது உங்களுக்குத் தெரியும். கணினிக்குச் சொன்னீங்களா?”

அந்தப் படிப்பில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றைத்தான். எல்லாருக்கும் தெரியும் என்பதாலேயே ஒருவரும் வாய் திறந்து சொல்லாததைத் தோண்டி எடுப்பதுதான் அதில் பெரிய வேலை. நீ முணுமுணுத்தபடி கேள்வியைச் சேர்த்தாய்: ‘வீடு யாருடைய பெயரில்?’ சோதிக்க உன்னையே மௌத்தாக்கினாய். மனைவி ஒன்று, மகள் ஒன்று, தம்பி இரண்டு. வீட்டுக் கேள்விக்கு யோசிக்காமலே ‘மனைவி’ என்று அடித்தாய்.

நீ பொய் அடிக்கவில்லை. உன் மனைவியின் சீதன வீடு சாய்ந்தமருதுக் கரையில் இருந்தது. வகுப்புக்கு முன்பே சுனாமியில் கடல் வந்து கொண்டுபோயிருந்தது. அதற்குப் பதிலாக ஊருக்குள்ளே வளவு வாங்கிக் கட்டியிருந்தாய். அவசரத்தில் உறுதிப் பத்திரம் உன் பெயரில். மகளுக்குக் கலியாணம் பேசும்போது மாற்றலாம் என்று இருந்திருப்பாய். உன் மனதில் அது பெண்களின் வீடு. மனதை எந்த நொத்தாரிசும் பதிவதில்லை.

ஊரில் இப்போது பங்குச் சண்டை என்றால் உன் முறைமையில் போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். போன கிழமை உன் தம்பிமார் உன் வீட்டுக்கே என்னை அழைத்து, உன்னைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். உன் மனைவி இத்தாவில்; நாலு மாதம் பத்து நாள் பிற ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அறைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் என்னிடம் வந்தது.

“தம்பி, அந்த ஒரு கேள்விக்கு என்ட பேர அடிச்சா என்ன?”

மூத்த தம்பி நிலத்தைப் பார்த்தபடி என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டான். “காக்கா, நாங்க கூடக் கேக்கல்ல. மார்க்கம் சொன்னதுதானே.” கெட்டவனாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் வீட்டிலும் கரைசேராத குமர்ப் பிள்ளைகள்.

என் கை விசையில் கிடந்தது. உன் மகள்தான் சொன்னாள்: “உறுதியில வாப்பாட பேர்தானே மாமா. அதையே அடிங்க.”

அடித்தேன். மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்குப் பாதி, மிச்சம் தம்பிமாருக்கு. வீடும் சேர்த்து.

அவள் ‘ஏன்?’ பொத்தானை அழுத்தினாள். காரணம் சொல்லத் தெரியாத அறிவு மாமியின் கோபம் மாதிரி என்று சொல்லி நீ பிடிவாதமாக வைத்த பொத்தான். நீ எழுதிய வசனங்கள் திரைக்கு வந்தன: ‘மகன் இல்லாததால் மிச்சம் மௌத்தானவரின் சகோதரரைச் சேரும். வீடு அவர் பெயரில் இருப்பதால் அதுவும் பங்கில் அடங்கும்.’

“வாப்பா நல்லா விளங்கப்படுத்தியிரிக்கார்” என்றாள். அறைக்குள்ளே அழுகை தொடங்கியது.

நமது முறைமையில் ஒரு குறை மச்சான். அதன் முதல் கேள்வியே மௌத்தானவர் ஆணா பெண்ணா என்பது. உயிரோடிருப்பவனிடம் கேட்க அதற்கு ஒன்றுமில்லை. அந்த வேலையை இப்போது நான் சுமந்து திரிகிறேன். கலியாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்ததும், சோற்றில் கை வைக்குமுன் எதிரே இருப்பவரிடம் “வீட்டு உறுதி யார்ட பேர்ல?” என்கிறேன். நேற்று மருதமுனையில் ஒருவர் இறைச்சித் துண்டோடு எழும்பி வேறு சஹனுக்குப் போய்விட்டார்.

உன் வளவில் நில அளவையாளர் எல்லைக் கட்டை அடித்தாயிற்று, குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவில். இத்தா முடியும்வரை வேலி போடமாட்டோம் என்று தம்பிமார் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். உன் மகள் அந்தக் கட்டையிலிருந்து கொய்யா மரத்துக்குக் கயிறு இழுத்து, உடுப்புக் காயப்போடுகிறாள்.