பிரித்த தையல்

வியாழன், மார்ச் 14, மாலை 5 மணி

அக்கா,

ஒரு சின்னத் தப்புச் செய்துவிட்டேன். சின்னது என்று நினைத்துத்தான் செய்தேன்.

உன் மணிக்கட்டுக்கு ஓய்வு வேண்டுமென்று நம் கடைக்கு முதன்முதலாக வேலைக்கு வைத்தோமே, அந்த அம்மா தைத்த திரைச்சீலைகளை, அவர் வேலைக்கு வந்த மூன்று நாளும், மாலையில் வீட்டுக்குப் போனபிறகு பிரித்து நானே மறுபடி தைத்தேன். இன்று மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத் திரும்பி வந்தவர், என் மடியில் தன் தையல் பிரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டார்.

"பிரிச்சுப் போடவா என்னைக் கூப்பிட்டே? கோணல்னா மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னம்மா?"

கோணல் இல்லை அக்கா. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிட நேர். பிறகு ஏன் பிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று நீ, "உன்கூட ஒரு மனுஷி வேலை செய்வாளாடி?" என்றபோது கத்தினேன். நீ சொன்னதுதான் சரி.

ஆறு மணிக்கு டீச்சரம்மா திரை வாங்க வருவார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல். சாப்பாடு அடுப்பின்மேல் இருக்கிறது. பாத்திரத்தை இடது கையால் தூக்கு. தையல் மெஷின் பக்கம் போகவே போகாதே.

இப்போது நான் கிளம்பும் சிறுதொழில் மாலை வகுப்பில் இன்று வேலைக்கு ஆள் வைப்பது பற்றித்தான் பாடம். எந்த முகத்தோடு போய் உட்காருவேன்?

பி.கு: வலியோடு நீ தைத்ததையும் சிலமுறை பிரித்திருக்கிறேன். நேரில் சொல்லத் தைரியமில்லை. இன்னொரு ஆளைத் தேடலாம் என்று மட்டும் சொல்லாதே. அவள் தையலையும் பிரிப்பேன்.

இன்னொன்று: அந்த அம்மா திரும்பி வரமாட்டார். ஆனாலும் நாளைக் காலை எட்டு மணிக்கு நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.