வளையாத குழல்

ஈரி, பென்சில்வேனியா
அக்டோபர் 1996, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள எமெட்டுக்கு,

முதலில் இதைப் படி: நம் பெண் மார்லா உயிரோடு இருக்கிறாள். கண் விழித்துப் பேசுகிறாள், ஆபத்து தாண்டிவிட்டது. அதை மனதில் இருத்திக்கொண்டு மீதியைப் படி. உன் கப்பலுக்கு வானொலியில் சொல்லிவிடலாம் என்றார்கள் கம்பெனி ஆபீசில். அரைகுறையாகக் கேட்டு நீ பதறுவாய் என்று நான்தான் வேண்டாம் என்றேன். இந்தக் கடிதம் டுலூத் துறைமுகத்தில் உனக்குக் கிடைக்கும். அவள் கட்டில் ஓரத்தில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சாய உருண்டை சுட்டு விளையாடும் அந்தத் துப்பாக்கிகளுக்கு நாம் கடைந்து விற்கும் குழல்களால் இந்தக் கோடை முழுக்க நம் பட்டறை வாசலில் நடந்த சண்டையெல்லாம் உனக்குத் தெரியும். "பெயின்ட்பால் ஆடுறப்போ கீழ விழுந்தேன், உங்க அலுமினியக் குழல் திருகி மாட்டுற மரைகிட்ட ஒடிஞ்சுபோச்சு" என்று துண்டான குழலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அதனால்தானே நீ எழுதினாய், இனிமேல் எஃகுதான், வேறு பேச்சே வேண்டாம் என்று.

உன் தம்பி வெர்னன் பித்தளையில் ஒன்று, அலுமினியத்தில் ஒன்று, நீ சொன்னபடி எஃகில் ஒன்று கடைந்துகொண்டு சனிக்கிழமை வாட்டர்ஃபோர்ட் காட்டு மைதானத்துக்கு வந்தான். மூன்றையும் தரையில் போட்டு மேலே பிக்கப் வண்டியை ஏற்றினான். பித்தளை நசுங்கியது. அலுமினியம் வளைந்தது. எஃகுக் குழலைத் துடைத்துக் கண்ணருகில் வைத்துப் பார்த்தான். சின்ன நெளிவுகூட இல்லை. ஆட வந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். "அண்ணன் சொன்னா சொன்னதுதான்" என்று வெர்னனுக்கு ஒரே பெருமை. மார்லா அதைப் பிடுங்கித் தன் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டாள். "குடுங்க சித்தப்பா, நான்தான் முதல்ல சுடுவேன்." "கல்யாண வயசாச்சு, இன்னும் சேத்துல புரள்றியே" என்று நான் கேலி செய்தேன். நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

மதிய ஆட்டத்தில் சரிவில் ஓடி இறங்கும்போது ஈர இலையில் அவள் கால் வழுக்கியது. குழலின் முனை மண்ணில் குத்தி நின்றுவிட்டது. துப்பாக்கியின் பின்பக்கத்தின் மேல் முழுப் பாரத்தோடு விழுந்தாள், இடது விலாவுக்குக் கீழே. விழுந்தவள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள், எமெட். "ஒண்ணுமில்லம்மா, மூச்சுதான் அடைச்சுக்கிச்சு" என்றாள். பிறகு உதடு வெளுத்தது. பேசிக்கொண்டே என் மடியில் சாய்ந்துவிட்டாள்.

மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டியிருக்கிறது. மண்ணீரலையே எடுத்துவிட்டார்கள். எதன் மேல் விழுந்தாள் என்று டாக்டர் கேட்டார். வெர்னன் வண்டியிலிருந்து அந்தத் துப்பாக்கியை எடுத்துவந்தான். குழல் காலையில் இருந்தது போலவே நேராக இருந்தது. டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வெர்னன் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அண்ணி, ஒடிஞ்சுபோச்சுன்னு சண்டை போட வந்தானுங்களே... அத்தன பேரும் நடந்துதானே வந்தானுங்க?" என்றான்.

குழல் ஒடிந்துதான் விழுந்தவர்களைக் காப்பாற்றியிருக்கிறது, எமெட். எத்தனை பேர் வந்து நின்றார்கள்! கையிலிருந்த உடைந்த துண்டைத்தான் பார்த்தோம். முழுசாக நின்ற ஆளை நம்மில் ஒருவர்கூடப் பார்க்கவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை கண் விழித்ததும் மார்லா கேட்ட முதல் கேள்வி, "யாரு ஜெயிச்சா?" வெர்னன் அழுதுகொண்டே சிரித்தான். இனிமேல் எஃகை லேத்தில் ஏற்ற மாட்டேன் என்று அவளிடம் சொன்னான். அதற்கு அவள், "அலுமினியமே போடுங்க சித்தப்பா. மரைகிட்ட ஒடியட்டும். கூடவே மாத்துக் குழல் ஒண்ணு சும்மா குடுத்துடுங்க, யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க" என்றாள். வயிற்றில் தையலோடு படுத்துக்கொண்டு சொல்கிறாள்! அப்படியே செய்வதாக முடிவெடுத்துவிட்டோம். உன்னைக் கேட்காமல் எடுத்த முடிவு. கோபப்பட மாட்டாய் என்று தெரியும்.

வெர்னன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கரைக்கு வந்ததும் அவனைக் கூப்பிட்டுப் பேசு. வேலையைப் பற்றி வேண்டாம், வேறு ஏதாவது பேசு. மார்லாவுக்கு அடுத்த வாரம் தையல் பிரிப்பார்கள். அப்பா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல நினைக்கவும் இல்லை.

எமெட், எனக்காக ஒன்று செய். இதைப் படித்து முடித்ததும் தனியாக மேல்தளத்துக்குப் போகாதே. சமையல்கட்டில் யாராவது இருப்பார்கள், அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள். சூடாக ஏதாவது குடி. பிறகு விடுப்பு கேட்டு வீட்டுக்கு வா. ஆண்டவர் உன்னைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
லொரீன்