இலை தின்ற ஆட்டின் சூப்

மச்சான்,

இன்று காலை சட்டியின் மூடியைத் திறந்தேன். மிஞ்சிய ஆட்டுச் சூப்பின் மேல் கொழுப்பு மெழுகுவர்த்திபோல் வெள்ளையாக உறைந்து கிடந்தது. விரலால் தட்டினேன், சத்தமே கேட்டது. நீ இருந்திருந்தால் முகத்தைச் சுளித்து, "புண்ணாக்கு ஆடு" என்று சொல்லிவிட்டு நடந்திருப்பாய்.

உன் பெண்சாதி, என் தங்கச்சி, மலேரியாவில் விழுந்து கிடக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது, உடம்பில் இரத்தம் ஊறினால்தான் தப்புவாள், நல்ல சூப் கொடுங்கள் என்கிறார் கொயினா மருந்து கொடுத்த டிஸ்பென்சரிக்காரர். அதனால், அவள் நானா என்று கூப்பிடும் அண்ணனான நானும் வத்தேகமவில் உன் வீட்டிலேயே தங்கிவிட்டேன். கண்டிச் சந்தையில் நான் கால் வைத்தால் இறைச்சிக் கடைக்காரர்கள் எழும்பி நிற்பார்கள், உனக்குத் தெரியாததா? இருந்ததிலேயே கொழுத்த செம்மறி இறைச்சியைத்தான் வாங்கி வந்தேன். ஒரு மிடறு குடித்தாள், கோப்பையைத் தள்ளிவிட்டாள்.

"உன்ட புருசன் வளத்த மாதிரி இலை திண்ட ஆடு. குடி."

"சும்மா கத உடாதீங்க நானா. அவர்ட ஆடு தொண்டையில இப்பிடி ஒட்டாது."

குடித்த அந்த மிடறும் வெளியே வந்துவிட்டது.

அவள் முதல் பிள்ளை பெற்றபோதும் இதே கதைதானே? யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வரும் செம்மறிக் குட்டிகளை வாங்கி, பலா இலையும் தோட்டத்து முருக்கிலையும் போட்டு நீ வளர்ப்பாய். நான் புண்ணாக்குப் போட்டு ஒன்றை வளர்த்தேன். குதிரை உயரம். சரி, கழுதை உயரம் என்று வைத்துக்கொள். உன் ஆட்டைப் பார்த்து, "இது ஆடா மச்சான், குடைக் கம்பியா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"கொழுப்பு வேற, சத்து வேற மச்சான்" என்றாய். அவ்வளவுதான் உன் பேச்சு.

என் வீட்டுச் சூப்பைப் பிள்ளை பார்க்க வந்தவர்களெல்லாம் விரல் நக்கிக் குடித்தார்கள். அந்த வழியால் கவர்னர் துரை போயிருந்தால் காரை நிறுத்தி இறங்கியிருப்பார். பெற்றவள் மட்டும் உன் சட்டியைக் கேட்டாள். அவள் வயிற்றில் தங்கியது அதுதான். கன்னத்தில் நிறம் வந்ததும் அதனால்தான். உன் அந்த ஆட்டைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவனே நான்தான் என்று இன்றுவரை ஊரில் சொல்லி வருகிறேன். நீ ஒருநாளும் மறுத்ததில்லை.

நீ மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு உன் பட்டி வெறுமையாகிவிட்டது. சந்தைக்கு வருவதெல்லாம் புண்ணாக்கில் ஊதியவை. உன்னைப்போல் இலை போட்டு வளர்க்க ஒரு குட்டி வாங்கி வந்து உன் பட்டியில் கட்டியிருக்கிறேன். எலும்பும் தோலுமான குட்டி. இன்றைக்கே அறுத்துவிடலாமா என்று கை துடிக்கிறது. ஆனால் நீ சொன்னது காதைவிட்டுப் போகவில்லை: "திண்டது இறைச்சியில சேர நாளெடுக்கும். அவசரப்படுத்த ஏலா மச்சான்."

குட்டி மெல்ல மெல்லத் தேறுகிறது. இவள் அதைவிட வேகமாக மெலிகிறாள்.

சற்று முன் ஜன்னல் வழியே கேட்டாள்: "இண்டைக்கு எவ்வளவு திண்டிச்சு நானா?"

"ஒரு பலா மரத்தையே முடிச்சிட்டுது. நாளைக்கு வேரையும் கேக்கும்."

சிரித்தாள். சிரிக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது.

இலை தீர்ந்துவிட்டது, மச்சான். இலை பறிக்கும் உன் கொக்கத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறேன்.