உன் இருக்கையில் ஒரு கம்ப்ரஸர்

அன்புள்ள மச்சானுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது. எப்படி வந்தாலும் இதைத்தான் அனுப்பப் போகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் எனக்கு வாய் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் கூப்பிட்டாள். தூண்டிலையெல்லாம் அப்பா யாருக்கோ சும்மா தூக்கிக் குடுத்துட்டாரு மாமா, ராத்திரி தூங்காம சமையலறையில உக்காந்திருக்காரு என்றாள். கேட்டால், என் சட்டந்தான் என் தங்கச்சியக் கொன்னுடுச்சு என்கிறாயாம். என்ன சட்டம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ராத்திரியில் பாஸ் என்கிற வேட்டை மீனைப் பிடிக்கப் போனால் தண்ணீரில் துளி வெளிச்சம் விழக்கூடாது, விழுந்தால் மீன் கிட்டவே வராது, அதனால் படகை எடுக்கும் முன் போனை அணைத்து இரைப்பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும், அது நீ போட்ட சட்டம் என்று விளக்கினேன். அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்க மாமா என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் ஊர்க்கதை. கோடை வந்துவிட்டது. ஊரில் இருக்கிற ஃப்ரிட்ஜெல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. காலை எட்டு மணிக்குக் கருவிப்பையைத் தூக்கினால் ஏழு மணிக்குத்தான் இறக்கி வைக்கிறேன். போன வாரம் ஒரு வீட்டில் தண்ணீர் கொண்டுவந்த அம்மாள், யாருகிட்டப் பேசிட்டிருக்கீங்க என்று கேட்டார். ஃப்ரிட்ஜின் முதுகைப் பார்த்து நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டில் ஆளில்லாததால் வந்த வியாதி.

ஏழு மணிக்கு மேல்தான் கஷ்டம். சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுகிறேன், உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறது. நாம் ஏரிக்குப் போன நாளெல்லாம் உன் தங்கை மாடிப்படி விளக்கைப் போட்டு வைப்பாளே. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, ரெண்டு கொக்கும் வந்தாச்சா என்று உள்ளிருந்து குரல் வரும். இப்போது வேலைக்குப் போகும்போது நானே விளக்கைப் போட்டுவிட்டு, வந்ததும் நானே அணைக்கிறேன்.

நேற்று ராத்திரி ஏரிக்குப் போனேன். ஒரு வருஷமாயிற்று. நீ முன்னால் உட்காராததால் படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, துடுப்புப் போடப் போட வட்டமடித்தது. திரும்பிப் போய் வண்டியிலிருந்து ஒரு ஃப்ரிட்ஜின் செத்த கம்ப்ரஸரை எடுத்து வந்து உன் இருக்கையில் வைத்தேன். நேராகப் போயிற்று. உன்னைவிட நல்ல துணை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பழக்கத்தில் நீ மிதிப்பாயே, நான் வேகமாகத் துடுப்புப் போட்டால் இல்லாத பிரேக்கை, அதெல்லாம் அது செய்யவில்லை.

நிலா இல்லை. பாசி ஓரத்தில் நிறுத்தி, நீ என்னிடம் விட்டுப்போன கறுப்பு ரப்பர் தவளை இரையைத்தான் வீசினேன். இருட்டில் கறுப்புதான் கீழிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரியும் என்று நீ அடித்துச் சொல்வாயே, அந்தத் தவளை. நாலாவது வீச்சில் சளக்கென்று சத்தம் கேட்டது. கேட்டதும் இழுத்துவிட்டேன். தவளை பறந்து வந்து கம்ப்ரஸரில் மோதியது. சத்தத்துக்கு இழுக்காதே, கையில் கனம் தெரிந்ததும் இழு என்று இருபது வருஷமாக நீ தொண்டை கிழியச் சொல்லியும் புத்தி வரவில்லை பார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்க ஆளில்லாததால் பாதியில் நின்றுவிட்டது.

கரையேறியதும் படகுத்துறைக் காவலாளி வந்து பேசினார். போன வருஷம் நாம் துறையில் கட்டிவிட்டு ஓடிய வலைப்பையில் மீன் காலையிலும் உயிரோடு இருந்ததாம். அவரே அவிழ்த்து விட்டாராம். அவ்வளவு பெரிய மீனை எப்படி சார் மறந்தீங்க என்று கேட்டார். அந்த மீனைப் பற்றித்தான் மச்சான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

அன்று நான் கிளம்பும்போது உன் தங்கை இடது தோள் வலிக்கிறது என்றாள். துணி மூட்டையைத் தூக்கியிருப்பாய் என்றேன். கூப்பிட்டா எடுப்பீங்களா என்று கேட்டாள். எடுப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதனால் உன் சட்டத்தை நான் அன்று மீறினேன். இருட்டில் இரைப்பெட்டிக்குள் நான் போட்டது போன் இல்லை, என் மூக்குக்கண்ணாடிக் கூடு. போன் என் கால்சட்டைப் பையில், சத்தமில்லாமல் அதிரும்படி இருந்தது.

ஒன்பது நாற்பதுக்கு அதிர்ந்தது. அப்போதுதான் தவளைக்குப் பின்னால் தண்ணீர் புரண்டது. நீயும் பார்த்தாய், மூச்சு விடாதே என்று கையைக் காட்டினாய். சீக்கிரம் வரச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நினைக்கக்கூட இல்லை. மீன்தான் வேண்டியிருந்தது. ஒன்பது நாற்பத்திரண்டுக்கு மறுபடி அதிர்ந்தது. பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே போனையே அழுத்தி அணைத்துவிட்டேன். பிறகு கனம் தெரிந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நீ சொன்னபடி காத்திருந்து இழுத்தேன். நீ கைவலையால் அள்ளித் தூக்கி, என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாய்.

கரைக்கு வந்து நீ உன் போனைப் போட்டதும் கீழ்வீட்டு நர்ஸின் ஏழு அழைப்புகள். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில், என் பாழாப்போன சட்டம் என்று நீ தலையில் அடித்துக்கொண்டபோது நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் உன்னைத் தேற்றுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். மச்சானை ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்ன பெரிய மனசு என்று சொந்தக்காரர்கள் பேசியதும் என் காதில் விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டேன். நீ ஊரைவிட்டுப் போன அன்று ரயிலடியில் சொல்லியிருக்கலாம். உன் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, குளிரும், கம்பளி எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன்.

முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஒரு வருஷம் அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். ஆனால் அவள் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. அந்த இரண்டு அழைப்பும் இன்னும் போனில் இருக்கின்றன, அழிக்கவில்லை.

உன் சட்டம் யாரையும் கொல்லவில்லை மச்சான். நீ உன் போனை அணைத்தாய், அவ்வளவுதான். உன்னை அவள் கூப்பிடவே இல்லை. இன்று ராத்திரியாவது நீ படுத்துத் தூங்கு.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அதற்கு முகமில்லை. திட்டு. ஒரு அண்ணன் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டு. நேரில் வந்து திட்டினாலும் சரி, கம்ப்ரஸரை இறக்கி வைக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். வராவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள், மகளை அழ விடாதே.

இனி ராத்திரிகளில் நான் ஏரியில்தான் இருப்பேன், வீட்டில் இருக்க முடியவில்லை. நேற்று போனைச் சட்டைப்பையில், மணியை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டுதான் படகில் ஏறினேன். அடித்தால் ஏரியே விழித்துக்கொள்ளும். மீன் போனால் போகட்டும். எந்த நேரமானாலும் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் தங்கை வைத்த பெயரில்,
சின்னக் கொக்கு